பன்னிரண்டுக்குக் கீழே

அபயாம்பாள் தன் மகளை வெங்காயம் உரிக்க விடமாட்டாள்.

நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு கடைவரிசை. முன்பக்கம் பல் டாக்டர், வருமானவரிக் கணக்கு போடுகிறவர், புருவம் திருத்துகிற கடை. பின்பக்கம் எங்கள் சமையல்கூடம். வளைகாப்பு, பூணூல், கிரகப்பிரவேசம், ஆபீஸ் தீபாவளி எல்லாவற்றுக்கும் இங்கிருந்துதான் சாப்பாடு போகும். முதலாளியம்மா வாரத்துக்கு ஒருதடவை வந்து மூக்கைச் சுளித்துவிட்டுப் போவார். மற்றபடி அடுப்பு அபயாம்பாள் பொறுப்பு. அரைப்பதும் தூக்குவதும் வேன் ஓட்டுவதும் என் பொறுப்பு.

காலேஜ் பஸ் நாலு மணிக்கு அவள் மகள் விஷாகாவை எங்கள் வாசலருகே இறக்கிவிடும். அப்பா வந்து கூட்டிப்போகும்வரை பால் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அரிசி மூட்டைக்குச் சாய்ந்து உட்கார்ந்து படிப்பாள். அன்று எண்பது பேருக்கு வெங்காய சாம்பார். சின்ன வெங்காயம் பேசின் நிறையக் கிடந்தது. அம்மாவின் கண் சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டு அவள் ஒரு கத்தியை எடுத்தாள்.

"தொடாதடீ!"

"அம்மா, இட்ஸ் அன் ஆனியன்."

"வெங்காயமோ விளக்கெண்ணெயோ. நீ ஸ்டூடண்ட். ஸ்டூடண்ட் வேலை பண்ணக் கூடாது. எவனாவது எட்டிப் பாத்தா?"

"யாரு வருவா? வெங்காயம் உரிக்கறாளான்னு பாக்க கவர்ன்மென்ட்லேர்ந்து ஆள் அனுப்புவாங்களா?"

"அனுப்புவான். இப்ப எதுக்கு வேணாலும் அனுப்புவான். கத்தியைக் கீழ வை. சுப்பையண்ணே, நீங்களாவது சொல்லுங்க."

"வச்சுடு பாப்பா" என்றேன். சிரித்துக்கொண்டே வைத்தாள்.

அபயாம்பாளின் பயம் சும்மா வந்த பயமில்லை. விஷாகா நாலு வயதில் இந்த ஊருக்கு வந்தவள். அப்பா வாஞ்சிநாதன் ஒரு கம்பெனி மூலமாக இன்சூரன்ஸ் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். கிரீன் கார்டுக்கு வரிசையில் நின்று, நின்ற இடத்திலேயே தலை நரைத்துப் போனவர். அவருடைய விசாவில் ஒட்டிக்கொண்டுதான் பெண் வளர்ந்தாள். இருபத்தொரு வயது முடிந்தால் அந்த ஒட்டு விட்டுப்போகும்; சட்டப்படி அதன்பின் அவள் அவர்களுடைய குழந்தை இல்லை. அந்தப் பிறந்தநாளுக்கு அவர்கள் கேக் வெட்டவில்லை. முன்கூட்டியே வக்கீலைப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, அவளை மாணவி விசாவுக்கு மாற்றியிருந்தார்கள்.

மாணவி விசாவுக்கு இரண்டு முக்கியமான கட்டளைகள். வெளியே வேலை பார்க்கக் கூடாது; வரிசையில் நிற்பவர் மனைவி என்று அபயாம்பாளுக்குக் கிடைத்த வேலை அனுமதி மகளுக்குக் கிடையாது. ஒவ்வொரு வகுப்புக்கும் இத்தனை கிரெடிட் என்று உண்டு; ஒவ்வொரு பருவமும் பன்னிரண்டு கிரெடிட்டுக்குக் குறையாமல் படிக்க வேண்டும். முதல் கட்டளையை அபயாம்பாள் வெங்காயம்வரை காப்பாற்றினாள். இரண்டாவதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. படிக்கிற பெண் படிக்கத்தானே போகிறாள்.

விஷாகாவுக்கு ஆசை, பேச்சு வராத சின்னக் குழந்தைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிற படிப்பில். கோவிலில் அப்படிப்பட்ட பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துவிடுவாள். வாஞ்சிநாதன்தான் கம்ப்யூட்டர் என்று முடிவு செய்தார். அந்தப் படிப்பு முடித்தால் மூன்று வருடம் வேலை பார்க்க விடுவார்கள், மற்றதென்றால் ஒரு வருடம்தான். அந்த மூன்று வருடத்துக்குள் யாராவது விசா எடுத்துக்கொடுத்தால் பிழைத்தாள். ஆக, பெண்ணின் விருப்பத்தை விசா தீர்மானித்தது. கம்ப்யூட்டருக்குக் கால்குலஸ் வேண்டும். கால்குலஸுக்கு முன்னால் பிரிகால்குலஸ் வேண்டும். கவுண்டி காலேஜில் டிரிகனாமெட்ரியையும் பிரிகால்குலஸையும் ஒன்றாய்க் கட்டி ஐந்து கிரெடிட்டுக்கு ஒரு வகுப்பு வைத்திருந்தார்கள்.

அதற்கும் கீழே ஒரு அல்ஜிப்ரா வகுப்பு உண்டு. அதில் உட்கார்ந்துவிட்டு இதற்கு வந்திருந்தால் அவள் தேறியிருப்பாள் என்று இப்போது எல்லோரும் சொல்கிறோம். ஆனால் எந்த வகுப்பில் போடலாம் என்று பார்க்கிற நுழைவுப் பரீட்சைக்கு வாஞ்சிநாதன் ஒரு மாதம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். எந்தக் கேள்வி வரும், எந்த விடையை அடிக்கலாம் என்கிற வித்தையெல்லாம் நம்மவர்களுக்குத் தெரியும். அவள் அல்ஜிப்ராவைத் தாண்டி நேரே மேலே போனாள். "நேரா பிரிகால்குலஸ்!" என்று அவர் எங்களுக்கு மைசூர்பாகு வாங்கிவந்தார்.

செப்டம்பரிலேயே அவள் முகம் மாறிவிட்டது. வகுப்பில் பாதிப்பேர் பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் ஏற்கெனவே படித்துவிட்டு வந்தவர்களாம். சொல்லித்தருகிறவர் இங்கே ஒரு வகுப்பு முடித்துவிட்டு வேறொரு காலேஜுக்குக் காரில் ஓடுகிறவர். சந்தேகம் கேட்கப் பின்னாலேயே போனால் கார் கதவைத் திறந்துகொண்டே பதில் சொல்வாராம். கால்குலேட்டர் கூடாது. ஒரு வட்டத்தைப் போட்டு, அதைச் சுற்றிலும் உள்ள கோணங்களையும் அவற்றுக்குரிய எண்களையும் பார்க்காமல் எழுத வேண்டும். அந்த வட்டத்தைத் தாளில் வரைந்து எங்கள் அரிசி மூட்டைமேல் ஒட்டிவைத்திருந்தாள். அரிசி எடுக்கும்போதெல்லாம் நான் அதைக் கழற்றி ஒட்டுவேன்.

சாயங்காலம் வாஞ்சிநாதன் வந்தால் ஸ்டீல் மேஜையின் ஓரத்தில் பாடம் நடக்கும். கிரைண்டர் ஓடுகிற சத்தத்தில் இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசுவார்கள்.

"கொஸ்டின் என்ன?"

"ஐடென்டிட்டியை ப்ரூவ் பண்ணணும். டேன் ஸ்கொயர் மைனஸ் சைன் ஸ்கொயர், ஈக்வல்ஸ் டேன் ஸ்கொயர் இன்டூ சைன் ஸ்கொயர்."

"இது ஒரு கணக்கா? டேனை எடு. சைன் பை காஸ்னு போடு."

"ஏன் டேனை மாத்தணும்? ஏன் சைனை மாத்தல? எதை மாத்தணும்னு எப்படித் தெரியும்?"

"பாத்தவுடனே தெரியணும்."

"அப்பா, தட்ஸ் நாட் எ ரீசன்."

"எங்க வாத்தியார் ரீசன் சொல்லலம்மா. பிரம்பு வச்சிருந்தார். சரி, எந்த குவாட்ரன்ட்ல எது பாசிட்டிவ்? ஆல் சில்வர் டீ கப்ஸ். சொல்லு."

"வி டோன்ட் டூ டீ கப்ஸ்."

"டீ கப்பும் வேணாம், தம்ளரும் வேணாம். அப்புறம் எப்படி வரும் கணக்கு?"

அவர் முக்கோணம் வரைவார். இவள் வட்டம் வரைவாள். அவர் டிகிரியில் சொல்வார். இவளுக்கு ரேடியனில் கேட்பார்கள். கடைசியில் அவர் பேனாவை வைத்துவிட்டு, "உங்கம்மா மூளை" என்பார். அபயாம்பாள் அடுப்படியிலிருந்து, "ஆமா, எம் மூளை. அதான் இந்த ஊருக்கு உங்க பின்னால வந்தேன்" என்பாள். விஷாகா சிரிப்பாள். சிரித்துவிட்டு மறுபடி குனிந்து, அதே கணக்கை அழித்து அழித்துத் தாளே கிழிந்துபோகும்வரை போடுவாள். சோம்பேறிப் பெண் இல்லை. அதை யாரும் சொல்லக் கூடாது. காலேஜில் இலவசமாகச் சொல்லித்தருகிற அறைக்கும் போய் வரிசையில் நின்றாள்.

முதல் டெஸ்டில் முப்பத்தெட்டு. இரண்டாவதில் நாற்பத்திநாலு.

நவம்பர் பிறந்ததும் குளிர் கடித்தது. இரவெல்லாம் வைத்தாலும் மாவு பொங்கவில்லை. பாத்திரங்களை பாய்லர் ரூமுக்குத் தூக்கிப்போய்ப் போர்வை சுற்றி வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வளைகாப்பு ஆர்டர். ஏழு வகை சாதம், வடை, பாயசம். வாஞ்சிநாதன் லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். வகுப்பை விட்டு விலகுவதற்கு மறுநாள்தான் கடைசி நாள்; விலகினால் மார்க் இல்லாமல் W என்று மட்டும் விழும்.

"விட்று. W போட்டுக்கலாம்" என்றார்.

"இன்னும் ஒரு டெஸ்ட் இருக்கு. ஃபைனல் இருக்கு. மேபி டி வாங்கலாம்."

"டி வாங்கறதுக்கா இவ்ளோ ஃபீஸ் கட்டினேன்? F வந்துட்டா என்ன பண்ணுவ? ஜென்மத்துக்கும் அழியாது. W-ன்னா மார்க்கில சேராது. அடுத்த செமஸ்டர்ல க்ளீனா எடுத்துக்கலாம்."

"காலேஜ் இன்டர்நேஷனல் ஆபீஸ்ல விசா விஷயம் பாக்கற ஒரு லேடி இருக்காங்க. அவங்களைக் கேட்டுட்டு..."

"எதுக்கு? எம் பொண்ணு ஃபெயிலாகப் போறான்னு தண்டோரா போடவா?"

"கேக்கட்டுமேங்க. கேட்டா என்ன குறைஞ்சு போச்சு?" என்றாள் அபயாம்பாள், எண்ணெய்ச்சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீ வடையைப் பாரு."

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு மகளிடம் சொன்னார். என்னிடமும் வேனில் போகும்போது இரண்டொரு முறை சொன்ன கதைதான். "ஃபர்ஸ்ட் கிளாஸ் வச்சிருந்தேன்மா. மேத்ஸ் டூல ஒரே ஒரு அரியர். அடுத்த செமஸ்டர்லயே க்ளியர் பண்ணிட்டேன். கேம்பஸ் இன்டர்வியூக்கு சென்னைலேர்ந்து கம்பெனி வந்தான். ஆடிட்டோரியம் நிறையப் பசங்க. 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ் இருக்கறவங்க எழுந்து வெளிய போகலாம்'னு மைக்கில சொன்னான். மைக்கில! எல்லார் எதிர்லயும் எழுந்து போனேன். வெளிய வாட்ச்மேன் கேட்டான், 'என்ன தம்பி, அதுக்குள்ள முடிஞ்சுதா'ன்னு."

"அப்பா, இது அந்த ஊர் இல்ல."

"எல்லா ஊர்லயும் ஃபெயில் ஃபெயில்தான்."

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். விலகுகிற பொத்தானை அழுத்தினாள். மஞ்சள் நிறத்தில் ஒரு பெட்டி வந்தது.

"அப்பா, ஃபுல் டைம் ஸ்டூடண்ட் ஸ்டேடஸ் பாதிக்கலாம்னு போட்டிருக்கு."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "அது ஃபைனான்ஷியல் எய்டு வாங்கறவங்களுக்கு. நமக்கு எவன் எய்டு குடுத்தான்? ஓகே குடு."

கொடுத்தாள். அன்றைக்கு அவள் நாலு வடை தின்றாள். இரண்டு மாதத்தில் அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. அரிசி மூட்டையிலிருந்து வட்டத்தைத் தானே கிழித்துப் போட்டாள்.

தேங்க்ஸ்கிவிங் கழிந்த வாரம். ஐஸ்போல மழை. நாலு மணி பஸ்ஸில் வந்தவள் ஜாக்கெட்டின் தொப்பியைக்கூடப் போடாமல் நனைந்துகொண்டு உள்ளே வந்தாள். அபயாம்பாள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"தலையைத் துடைடீ. என்ன கோலம் இது?"

"அம்மா, என்னை டெர்மினேட் பண்ணிட்டாங்க."

"யாரு? எதுலேர்ந்து?"

"என் ஸ்டேடஸை. அந்த ஆபீஸ் லேடி கூப்பிட்டாங்க. உள்ள போனதும் கதவைச் சாத்தினாங்க. டிஷ்யூ டப்பாவை முன்னாடி தள்ளினாங்க. அப்பவே தெரிஞ்சுடுச்சு." அவள் நின்றுகொண்டே பேசினாள். "பன்னிரண்டுக்குக் கீழ போயிட்டேனாம். ஃபைவ் கிரெடிட்ஸ் விட்டதுல ஒம்பதுதான் மிச்சம். அவங்க பர்மிஷன் இல்லாம விட்டுட்டேன். விடறதுக்கு முன்னாடி ஏன் வரலைன்னு கேட்டாங்க."

"அப்ப ஃபெயிலாயிருந்தா?"

"ஒண்ணும் இல்லையாம்." அவள் தோள்பையைத் தரையில் போட்டாள். "ஃபெயிலானா ஒண்ணுமே இல்லையாம்மா. சும்மா கிளாஸ்ல உக்காந்து F வாங்கியிருந்தா ஐ வுட் பி ஃபைன். அடுத்த செமஸ்டர் திரும்ப எடுத்திருக்கலாம். F-ன்னா படிச்சேன்னு கணக்கு. W-ன்னா படிக்கலைன்னு கணக்கு."

கரண்டியில் கடுகு கருகிப் புகைந்தது. நான் போய் அடுப்பை அணைத்தேன்.

வாஞ்சிநாதன் ஆறு மணிக்கு வந்தார். கேட்டுவிட்டு முதலில் நம்பவில்லை. பிறகு, "நாளைக்கே போய்த் திரும்பச் சேந்துட்டா?" என்றார்.

"கிளாஸே முடியப்போகுதுப்பா. ஃபைனல்ஸ் நடக்கப் போகுது."

"நான் போய்ப் பேசறேன். என் தப்புன்னு சொல்றேன்."

"அவங்க தப்பு யாருதுன்னு கேக்கலப்பா. நம்பர்தான் கேட்டாங்க."

அபயாம்பாள் கையிலிருந்த துணியை மேஜைமேல் போட்டாள்.

"ஒரு வெங்காயம் உரிக்க விட்டேனா நான்? சொல்லுங்க. ஒரு தட்டு கழுவ விட்டேனா? என் கை வெந்துபோய்க் கிடக்கு, பெத்த பொண்ணு பக்கத்துல உக்காந்திருக்கா, ஒரு கரண்டி எடுத்துக் குடுடீன்னு கேக்க மாட்டேன். சட்டம், சட்டம்னு செத்தேன். நீங்க படிச்சவர். ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணுங்கன்னேன். வடையைப் பாருன்னீங்க."

"அபயம், நான் அவ நல்லதுக்குத்தான்..."

"எவனோ ஒருத்தன் என்னைக்கோ மைக்கில சொன்னான். இருபத்தஞ்சு வருஷமா அந்த மைக்கு உங்க காதுல கத்திக்கிட்டே இருக்கு. அதுக்கு என் பொண்ணுதான் கெடைச்சாளா?"

அவர் கோட்டைக் கழற்றாமல் பால் கிரேட்டில் உட்கார்ந்தார்.

வக்கீல் இரண்டு வழி சொன்னார். வேனில் சாமான் ஏற்றும்போது வாஞ்சிநாதன் எனக்கு விளக்கினார். இங்கேயே இருந்துகொண்டு மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி மனுப் போடலாம். பதில் வர மாதக்கணக்காகும். அதுவரை என்ன நிலை என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். மறுத்துவிட்டால் பிறகு இந்த நாட்டுப் பக்கமே தலைவைக்க முடியாமல் போகலாம். இல்லையென்றால் உடனே கிளம்பி, காலேஜில் புதுச் சேர்க்கைக் காகிதம் வாங்கி, சென்னையில் விசாவுக்கு நின்று திரும்பி வரலாம்.

"மனுப் போட்டா நம்ம கையை மீறி நடந்துதுன்னு காட்டணுமாம், சுப்பையன்" என்றார். "மவுஸ் அவ கையில. அவ கை என் பேச்சுல. எதை மீறிச்சுன்னு எழுதறது?"

முடிவை விஷாகாவே எடுத்தாள். "நான் போறேன். ஒளிஞ்சுக்கிட்டு இருக்க முடியாது. மெயில்பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம் பயப்பட முடியாது."

பெற்றவர்கள் கூடப் போக முடியாது. வாஞ்சிநாதனின் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை எப்போதோ காலாவதியாகிவிட்டது. இங்கே இருக்கும்வரை குற்றமில்லை. வெளியே போனால் புதிதாகக் குத்திக்கொண்டுதான் உள்ளே வர முடியும். அதற்கு நாள் கிடைப்பதற்குள் வேலை போய்விடும். அபயாம்பாளுக்கும் அதே கதை. நாலு வயதில் தூக்கிவந்த பெண்ணைத் தனியாகத்தான் அனுப்ப வேண்டும்.

குரோம்பேட்டையில் வாஞ்சிநாதனின் அண்ணன் சபரிநாதன் இருந்தார். வீடியோவில், "வரட்டும்டா, ஒரு மாசம் லீவு மாதிரி இருந்துட்டுப் போறா" என்றார். அவர் மகன் சுஹாஸ் பின்னாலிருந்து தலையை நீட்டி, "அக்கா, ஒரு மேத்ஸுக்கா இவ்ளோ சீன்? எனக்கே அஞ்சு அரியர் இருக்கு. எங்க கிளாஸ்ல நான்தான் கம்மி!" என்றான். அங்கே எல்லோரும் சிரித்தார்கள். வாஞ்சிநாதன் போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து பாய்லர் ரூம் பக்கம் போனார்.

இரண்டு பெரிய பெட்டிகள். கார் போதாது என்று என் வேனில்தான் நூவர்க் ஏர்போர்ட்டுக்குப் போனோம். உள்ளே பெருங்காய வாசனை எப்போதும் இருக்கும். விஷாகா கண்ணாடியை இறக்கவில்லை. வழியில் அம்மாவும் பெண்ணும் சின்னச் சின்ன விஷயமாகப் பேசிக்கொண்டே வந்தார்கள்.

"பெரியம்மா முன்னாடி கால்மேல கால் போடாத."

"ஓகே."

"தண்ணி காய்ச்சிக் குடி. பேரு கேட்டா முழுப்பேரு சொல்லு."

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே. பஸ் போர்டு எப்படிப் பாப்பேன்?"

"நம்பர் இருக்கும். யாரையாவது கேளு."

"கேட்டா சிரிப்பாங்க, என் அக்சென்ட்டுக்கு."

"சிரிச்சா சிரிக்கட்டும். வழி சொல்வாங்க இல்ல?"

ஏர்போர்ட்டுக்குள் கயிறு கட்டிய இடத்துக்கு அப்பால் எங்களை விடவில்லை. அவள் வரிசையில் நகர்ந்தாள். திருப்பத்துக்குத் திருப்பம் எங்கள் பக்கமாக வருவாள், கைகாட்டுவாள், போவாள். வாஞ்சிநாதன் ஒவ்வொரு முறையும் கயிற்றருகே ஓரடி முன்னால் போனார். பிறகு அவள் வரவில்லை.

ஜனவரி முழுக்கப் பனி. வேனைத் தோண்டி எடுப்பதிலேயே விடியும். காலேஜில் புதுக் காகிதம் கொடுத்தார்கள். சென்னையில் விசாவுக்கு நாளும் கிடைத்தது, பிப்ரவரியில். அன்று காலை ஒரு ஆபீஸுக்கு டிபன் கொடுக்க வேண்டியிருந்ததால் நாங்கள் ஐந்து மணிக்கே வந்துவிட்டோம். வாஞ்சிநாதனும் வந்தார். வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை என்றார். அங்கே அப்போது பிற்பகல். நேர்காணல் காலையிலேயே முடிந்திருக்க வேண்டும். போன் வரவில்லை. இரண்டு ஈடு இட்லி இறக்கி, மூன்றாவது ஈடு ஆவி வரும்போது வந்தது. அபயாம்பாள் கையில் மாவு. ஸ்பீக்கரில் போட்டாள்.

"இல்லன்னுட்டாங்கம்மா" என்றாள் விஷாகா. "ரெண்டு கேள்விதான் கேட்டாங்க. அப்பா அம்மா எங்கன்னு. நியூ ஜெர்சின்னேன். நீ எங்க வளந்தன்னு. நியூ ஜெர்சின்னேன். அப்ப நீ படிச்சுட்டு உன் ஊருக்குத் திரும்பி வருவன்னு நாங்க எப்படி நம்பறதுன்னாங்க. உன் ஊருன்னா எதுன்னு எனக்குப் புரியல. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

"இவ்ளோ நேரம் எங்கடீ இருந்த?"

"பீச்ல உக்காந்திருந்தேன். சுஹாஸ் கூட இருந்தான்."

"திரும்ப அப்ளை பண்ணலாம்" என்றார் வாஞ்சிநாதன்.

"பண்ணலாம்ப்பா. அதே கேள்விதான் கேப்பாங்க. அதே பதில்தான்." அங்கே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. "பெரியப்பா சொல்றார், சுஹாஸ் காலேஜ்லயே ஜூன்ல சேரலாமாம். ஃபர்ஸ்ட் இயர்லேர்ந்து. என் கிரெடிட் எதையும் எடுத்துக்க மாட்டாங்க."

"சேரும்மா."

"அங்கயும் மேத்ஸ் இருக்கு. முதல் செமஸ்டர்லயே." பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஃபெயிலாயிட்டா என்னப்பா பண்றது?"

வாஞ்சிநாதன் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். இட்லி ஆவியில் அவர் கண்ணாடி வெளுத்துப்போயிருந்தது. துடைக்கவில்லை.

"ஆயிட்டுப் போ" என்றார். "ஃபெயிலாயிட்டுப் போம்மா. ஒண்ணுமில்ல."

அவள் சரி என்றாளா, அழுதாளா தெரியவில்லை. லைன் விட்டுப்போனது. மறுபடி கூப்பிட்டால் போகவில்லை.

அபயாம்பாள் கையைக் கழுவினாள். இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்தாள். கீழ்த்தட்டு சிக்கிக்கொண்டிருந்தது, ஒருத்தியால் தூக்க முடியாது. நான் எதிர்ப்பக்கம் கை வைக்கப் போனேன். அவள் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள். மூன்று மாதமாக அவரிடம் நேராகப் பேசாதவள்.

"கோட்டைக் கழட்டுங்க" என்றாள். "வந்து அந்தப் பக்கம் பிடிங்க."

அவர் கோட்டைக் கழற்றி மூட்டைமேல் வைத்துவிட்டு வந்து பிடித்தார். துணி இல்லாமல் பிடித்துவிட்டார். சுட்டிருக்கும். விடவில்லை.